பாசி கழுவிய ஜாடி

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான் துலக்கிய பாத்திரத்தில் பிசுக்கு இருந்ததாக இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

அந்தக் கண்ணாடி ஜாடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் மலை ஊரில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆராய்ச்சிக்கார அம்மா ஒருவர் தங்கியிருந்தார். சமைப்பதும் பெருக்குவதும் நான். கிழக்கு ஜன்னலில் ஜாடியை வைத்து, வாயை மெழுகால் அடைத்திருந்தார். உள்ளே பாதித் தண்ணீர், அதில் பச்சைப் பாசி. தண்ணீர்ப் பானையில் பாசி பிடித்த வீட்டில் எங்கள் மலையில் பெண் எடுக்க மாட்டார்கள். நான் வேலை செய்யும் வீட்டில் அது இருக்கலாமா? அவர் செங்கத்துக்குப் போயிருந்த ஒரு பகலில் மெழுகைச் சுரண்டி, சாம்பல் போட்டு நாரால் தேய்த்து, ஜாடியை வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

திரும்பி வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா வளர்த்தது. எங்க அது?"

"குரங்கு தள்ளி வுட்டுட்ச்சிம்மா. எல்லாம் கொட்டிப்போச்சி, அதான் கழுவி வெச்சேன்."

வாய் முந்திக்கொண்டது. அவர் திட்டவில்லை. "ஜன்னலுக்கு வலை அடிக்காதது என் தப்புதான்" என்றார்.

மறுநாள் நான் பலாப்பழம் அரிந்துகொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்து சொன்னார். பூமி பிறந்த காலத்தில் இந்தக் காற்று இல்லையாம். எரிமலைகள் கக்கிய ஆவியும் புகையும்தான் சூழ்ந்திருந்தனவாம். ஆவி குளிர்ந்து மழையாகிக் கடல் உண்டானது. அந்தத் தண்ணீரில் பாசி போன்ற ஓர் உயிர் தோன்றி, வெயிலை வாங்கி, நாம் மூச்சிழுக்கும் காற்றைக் குமிழ் குமிழாக விட்டதாம். அதுவும் உடனே மேலே வரவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு முதலில் அதைப் பிடித்துக்கொண்டு, துருவாகி அடியில் படிந்தது. இரும்பு தீர்ந்த பிறகுதான் மிச்சக் காற்று வானத்துக்கு ஏறியதாம்.

"எவ்ளோ நாளும்மா ஆச்சி?"

"இந்த மலை மொத்தமும் தேஞ்சு மண்ணாகிற அளவுக்கு."

"அப்போ அந்த அழுக்கா நமக்கு மூச்சு குட்த்திச்சி?"

"அழுக்கில்ல. அந்தப் பழைய காத்து மாதிரி செஞ்சு அடைச்சு வச்சா, பாசி அதை எப்படி மாத்துதுன்னுதான் ஜாடியில பார்த்துட்டிருந்தேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையிலிருந்த பலாப்பாலை எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேறு பாசி கொண்டுவந்து வைத்தார். அது தழைப்பதற்குள் ஆராய்ச்சிக்கு அவருக்குக் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. ஜீப்பில் ஏறும்போது, "உங்க ஊர்க் குரங்குக்கு நல்லாவே கழுவ வருது" என்று சிரித்தார். தெரிந்து சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று கேட்கத் துணிவு வரவில்லை. போன ஐப்பசியில் அவர் இறந்த செய்தி வந்தது. இனிக் கேட்கவும் முடியாது.

போன வாரம் பேத்தி தன் பாடத்தில் இந்தக் காற்றுக் கதையைப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள், மிச்சத்தை நான் சொன்னேன். "உனக்கு யாரு ஆயா சொன்னது?" என்றாள். அதற்குப் பதிலாகத்தான், முதியோர் வகுப்பில் படித்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி, நான்கு நாளாக இதை எழுதியிருக்கிறேன்.

இங்க வா கண்ணு. எழுத்து கோணலா கீதுன்னு சிரிக்காத, சத்தமா படி. ஜாடியைக் கழுவுனது நான்தான்னு வர்ற எடத்துல மட்டும் கொரலைக் கொறைக்காத.