தீர்க்கதரிசிக்கு வைத்த இறால்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு வீட்டில் சனிக்கிழமைதோறும் ஸ்விட்ச் போடுகிற வேலை பார்த்தேன். சொன்னால் சிரிப்பார்கள். மற்ற நாட்களில் பெருக்குவது, துடைப்பது, துணி அலசுவது எல்லாம் உண்டு. அது எந்த வீட்டிலும் உள்ளதுதான். சனிக்கிழமை வேலை மட்டும் தனி ரகம். வெள்ளி அந்தி முதல் சனி அந்தி வரை அவர்களுக்கு ஓய்வுநாள். அந்த வீட்டுச் சேச்சி தீயைத் தொட மாட்டாள், ஸ்விட்சைத் தொட மாட்டாள். என்னைத் தொடச் சொல்லவும் மாட்டாள். வாய்விட்டுச் சொன்னால் அவளே தொட்ட மாதிரி ஆகிவிடுமாம். அதனால் காற்றைப் பார்த்துப் பேசுவாள். "எந்தொரு புழுக்கம்!" என்றால் நான் ஃபேனைப் போட வேண்டும். "சாயா ஆறிப்போயி" என்றால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஆமா சேச்சி, புழுக்கம்தான்" என்று நானும் முந்தானையால் விசிறிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே மூன்று தரம் சொன்னாள். எனக்கு உறைக்கவே இல்லை.

சேச்சி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் அந்தப் பெரிய வீட்டில் தங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் நீளம்தான். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், இடவப்பாதிப் பருவமழை இறங்கிய வாரத்தில், என் வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போன போட் தோப்பும்படித் துறைக்குத் திரும்பி வரவில்லை. கூடப் போனவர்களில் சிலருடைய உடல் செல்லானம் பக்கம் ஒதுங்கியது. அவருடையது ஒதுங்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. லைன் வீட்டில் நானும் அவருடைய அக்காவும் மிஞ்சினோம். அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

என்னை அரித்தது ஒரே ஒரு விஷயம். என் வீட்டுக்காரருக்குத் தொண்டை பெரிது. வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் இருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். மானம் போகுது, மெதுவாகக் கூப்பிடுங்கள் என்று திட்டுவேன். அப்படிப்பட்ட மனுஷன் தண்ணீரில் விழுந்தபோது சும்மாவா இருந்திருப்பார்? கூப்பிட்டிருப்பார். அதை யார் கேட்டது? யாருமே கேட்காமல் ஒரு மனுஷன் கத்திக் கத்தி ஓய்ந்துபோனான் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் செத்துவிட்டார் என்று சொன்னால் அதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அடம்பிடித்தேன்.

பள்ளுருத்தியில் குறி சொல்கிற ஒருவன், திருவோணத்துக்குள் வந்துவிடுவான் என்றான். ஓணம் வந்தது, போனது. அதற்குப் பிறகு மதினி வேறொன்று சொல்ல ஆரம்பித்தாள். விடியும்போது வாசல்படியில் ஈரக் கால்தடம் கிடக்கிறது என்றாள்.

"தம்பி பசியோட வந்து நிக்கிறான்டி. நனைஞ்சு நிக்கிறான். அடுத்த கர்க்கடக வாவுக்கு, ஆடி அமாவாசைக்கு, ஆலுவாய் ஆத்துல கொண்டுபோய் பலி போட்டிரணும்."

"உசிரோட இருக்கற ஆளுக்கு யாராச்சும் பலிச்சோறு வைப்பாங்களா? வாயை மூடுங்க மதினி."

வாயைத்தான் மூடச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் நானே போய்ப் படியைப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் எந்தப் படி காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடைத்துவிட்டு வந்தேன்.

துலாமழை என்கிற பின்மழை தொடங்கிய நேரத்தில் சேச்சிக்கு ஒரு பெரிய நோன்பு வந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அன்றைக்கு வேலை இல்லை, வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஆனால் பிற்பகலில் வானம் கறுத்து இடி இடிக்க ஆரம்பித்ததும், முதல்நாள் நான் முற்றத்தில் காயப்போட்ட துணி நினைவுக்கு வந்தது. ஓடினேன். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. பகல் நேரத்திலேயே அந்தக் கூடம் கிணறு மாதிரி இருட்டாக இருந்தது.

உள்ளே சேச்சி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். மலையாளம் இல்லை. குரல் ஏறும், இறங்கும், நின்றுவிடும். எதிராளி பதில் சொல்லக் காத்திருப்பது போல இருக்கும். பிறகு மறுபடியும் தொடங்கும். கெஞ்சலும் சண்டையுமாக இருந்தது. மின்னல் வெட்டியபோது பார்த்தேன். அவளுக்கு எதிரில் அந்த நாற்காலி இருந்தது. உயர்ந்த முதுகு வைத்த, பூவேலை செய்த பழைய நாற்காலி. தினமும் நான்தான் தூசி தட்டுவேன், யாரும் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டதற்கு, "அதிலே ஆளுண்டு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அடுத்த மின்னலில் தரையைப் பார்த்தேன். வாசலில் இருந்து அந்த நாற்காலி வரைக்கும் ஈரக் கால்தடம் போயிருந்தது. செருப்பில்லாத, அகலமான கால். திரும்பி வந்த தடம் இல்லை.

துணியாவது ஒன்றாவது! நான் தெருவில் வந்துதான் மூச்சு விட்டேன்.

அந்த வாரம் முழுக்க என் புத்தி எப்படி வேலை செய்தது என்று இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியம். இந்த வீட்டில் செத்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள், அதற்குத்தான் அந்த நாற்காலி என்று முடிவுகட்டினேன். அப்படியென்றால் என் வீட்டுக்காரரும் அங்கே வரலாமே. படியில் நின்று மதினியைப் பயமுறுத்துவதைவிட இது நல்லதுதானே.

அடுத்த சனிக்கிழமை விடிகாலையில் இறால் வாங்கி, அவருக்குப் பிடித்த மாதிரி தேங்காய்க்கொத்து போட்டு எங்கள் வீட்டிலேயே வறுத்தேன். கப்பைக் கிழங்கும் வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். சேச்சி பின்கட்டில் இருந்தபோது, அவளுடைய நீலக்கரை போட்ட பீங்கான் தட்டில் அதைப் பரிமாறி, நாற்காலிக்கு முன்னால் ஒரு முக்காலியில் வைத்தேன். அவர்களுக்கு இறால் விலக்கு, அந்த வீட்டு வாசலை அது தாண்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் வழக்கத்தில் செத்தவர்களுக்கு அவர்களுக்குப் பிடித்ததைத்தான் வைப்போம். அந்த வீட்டு ஆட்கள் தின்பதை வைத்து என்ன பிரயோஜனம்?

"சாப்பிடுங்க. மதினி வாசல்ல போய் நிக்க வேண்டாம். இங்கே வந்து சாப்பிட்டுப் போங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

வாசனை பிடித்துக்கொண்டு சேச்சி வந்துவிட்டாள். தட்டைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எடீ! இறாலா? தீர்க்கதரிசிக்கு நீ இறாலா வெச்சே?"

சனிக்கிழமை என்பதுகூட மறந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தத் தட்டு போச்சு. இனி அதுல ஞான் எங்ஙனே உண்ணும்?" என்று கத்தினாள். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் கத்தல் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அது செத்தவங்களுக்கு உள்ளதல்ல" என்றாள். அவர்களுடைய பழைய தீர்க்கதரிசிகளில் ஒருவர் சாகவே இல்லையாம். உயிரோடு நெருப்பில் ஏறி மேலே போய்விட்டாராம். ஆண்பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் சடங்குக்கு அவர் வந்து உட்காருவார் என்று அந்த நாற்காலியை வைத்திருந்தார்கள். அவளுடைய கடைசித் தம்பிக்குப் பிறகு அந்த வீட்டில் ஆண்பிள்ளை பிறக்கவில்லை. "வரானுள்ள ஆளுக்கு வெச்சதாணு. போன ஆளுக்கல்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பலி போடமாட்டேன் என்று மதினியிடம் மல்லுக்கு நின்றவள், என் கையாலேயே சமைத்துப் பலிச்சோறு வைத்துவிட்டேன். எனக்குள்ளே அவர் எப்போதோ செத்துவிட்டிருக்கிறார். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுகைக்கு நடுவே, அன்றைக்கு யாரோடு பேசினாய் என்று கேட்டேன். நோன்பு நாளில் பிற்பகலில் ஒரு தீர்க்கதரிசியின் கதையைத் தங்கள் ஜெபப்பள்ளியில் வாசிக்க வேண்டும், அதற்குப் பத்து ஆண்களாவது கூட வேண்டும், அந்த வருஷம் சேரவில்லை, அது வாசிக்கப்படாமல் போகக் கூடாது என்று தனக்கு மனப்பாடமாக இருந்ததை வீட்டிலேயே சத்தமாகச் சொன்னாளாம்.

"அப்போ அந்தக் கால்தடம்?"

"எந்தக் கால்தடம்?"

சொன்னேன். காலையில் இருந்து அந்த இடத்தைவிட்டு அவள் எழுந்திருக்கவே இல்லையாம். பேசிக்கொண்டே தன் கால் இரண்டையும் மெதுவாக மேலே தூக்கி மடக்கிக்கொண்டாள். ஓடு ஒழுகியிருக்கும் என்றேன். ஆமாம், ஒழுகியிருக்கும் என்றாள். இரண்டு பேருமே நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சேச்சி அலமாரியில் இருந்து ஒரு பழைய ஏட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காற்றைப் பார்த்துச் சொன்னாள்: "எந்தொரு இருட்டு!"

ஸ்விட்சைப் போட்டேன். அந்த நோன்பு நாள் கதையை அவள் வாசித்து வாசித்து மலையாளத்தில் சொன்னாள். கடவுளுக்குப் பயந்து கப்பலேறி ஓடிய ஒரு மனுஷன். புயல் வந்து, கப்பல்காரர்கள் அவனைக் கடலில் தூக்கிப் போட்டார்கள். ஒரு பெரிய மீன் விழுங்கியது. கடலுக்கு அடியில், தலையில் பாசி சுற்றிக்கொண்டு, மலைகளின் வேர் இருக்கிற ஆழத்தில் கிடந்து அவன் கூப்பிட்டான்.

"அப்புறம் மீன் கரையில கக்கிடுச்சு. அதானே? எங்க ஆளைக் கக்கல்லையே சேச்சி."

அவள் விரலை வைத்து அந்த இடத்தைத் திரும்ப வாசித்தாள். பிறகு சொன்னாள்: "கக்கினது பின்னே. தெய்வம் கேட்டது முன்னே. அவன் அடியில கெடக்கும்போழே கேட்டு."

ஏட்டை மூடிவிட்டு, தனக்குத்தானே பேசுவது போல, "ஒரு ஃபேன் போடுன்னு உன்கிட்ட நேரா சொல்ல எனக்கு முடியல்ல. இந்தத் தீர்க்கதரிசிகளொக்க நேரா கேட்டு. எவ்வளவு காலம்னு தெய்வத்தோட வழக்கு பிடிச்சு" என்றாள்.

அந்த இறாலைத் தட்டோடு கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டில் இருந்து மலையாள வேதப்புத்தகத்தை இரவல் வாங்கி அந்தத் தீர்க்கதரிசிகளைப் படித்தேன். எனக்குத் தமிழைவிட மலையாளம் வேகமாகப் படிக்க வரும். இனிப்பாகப் பேசுகிற ஆட்கள் இல்லை அவர்கள். ஒருவர் விழப்போகிற ஊரில், சிறையில் இருந்துகொண்டே நிலம் வாங்குகிறார். நாற்காலிக்காரர் ஒரு செடியின் கீழே படுத்து, போதும், என்னை எடுத்துக்கொள் என்கிறார். கடவுள் உபதேசம் பண்ணவில்லை. சூடான அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிடுகிறார். அந்த இடத்தைப் படித்த அன்று நானும் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். பள்ளுருத்திக்காரன் மாதிரி நாள் குறித்துக் கொடுத்து என்னை ஏமாற்ற அவர்களில் யாரும் வரவில்லை. அதனாலேயே அவர்களை நம்பினேன். அவர்கள் சண்டை போட்ட கடவுளையும் நம்பத் தொடங்கினேன்.

அடுத்த கர்க்கடக வாவுக்கு மதினியோடு ஆலுவாய்க்குப் போனேன். அவள் எள்ளும் சோறும் உருட்டி வைத்தாள். நான் முழங்கால் வரை கலங்கல் தண்ணீரில் இறங்கி நின்று, ஜாடைமாடையாக இல்லாமல், சத்தமாகவே கேட்டேன்.

"அவர் கூப்பிட்டப்ப கேட்டியா? நீயாவது கேட்டியா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் யாருமில்லாத இடத்தில் கத்தியது போலவும் இல்லை. தாலியை நானே கழற்றி மதினியின் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு வாசல்படி ஈரமாவதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சேச்சியும் இஸ்ரேலுக்குத் தம்பியிடம் போய்விட்டாள். வீடு கைமாறிப் பழம்பொருள் கடையாயிற்று. நான் அந்தத் தெருப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு மழைநாளில் குடையில்லாமல் அந்தக் கடை வாசலில் ஒதுங்கியபோது உள்ளே அந்த நாற்காலியைப் பார்த்தேன். ஊர் பார்க்க வந்த ஒருவர் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிங்க சாரே! அதுல ஆளுண்டு!"

நான் போட்ட சத்தத்தில் மனுஷன் பதறி எழுந்து வெளியே போய்விட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ஆரு சேச்சி, என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவள் தரையைப் பார்த்துவிட்டு நின்றேன். போனவருடைய பூட்ஸ் தடம் நாற்காலியில் இருந்து வாசலுக்குப் போயிருந்தது. அதற்குப் பக்கத்தில், வாசலில் இருந்து நாற்காலி வரைக்கும், செருப்பில்லாத அகலமான காலின் ஈரம். நான் இன்னும் படியேறவில்லை. கடைக்காரர் காலில் செருப்பு இருந்தது.

இந்தத் தடவை நான் ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், காலியாக இருந்த அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று, "வந்தாச்சா?" என்று நேராகவே கேட்டேன்.