பேர் வெட்டித் தரப்படும்

பாத்திரத்தில் பேர் வெட்டுவது சுலபம். எந்தப் பேரை வெட்டுவது என்று வாடிக்கையாளரிடமிருந்து வாங்குவதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும். கவுண்டரில் நின்று ஆர்டர் எடுத்த பாவம் உங்களில் யாருக்காவது உண்டென்றால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விடுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஓர் எவர்சில்வர் கடையில் இருந்தேன். பாத்திரம் வாங்குபவர் ஒரு சீட்டை நிரப்புவார். அதை நான் உள்ளே கொண்டுபோய் மாணிக்கம் அண்ணனிடம் கொடுப்பேன். அவர் கரண்டில் ஓடும் ஊசியால் சீட்டில் உள்ளதை உள்ளபடி வெட்டுவார். கேள்வி கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. சீட்டில் கோடு போடுவதா, கட்டம் போடுவதா என்பதெல்லாம் என் பொறுப்பு. வெட்டியதை அழிக்க முடியாதே. அதனால் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "பாத்திரம் பாழாகிட்டே இருந்துச்சுன்னா, நீ ஜூரோங் ஃபேக்டரி பஸ்ஸுக்குப் போய் நின்னுக்கம்மா." அந்த ஷிஃப்ட் வேலைக்கு நான் மனதாரப் பயந்தேன்.

*கோடு*

முதல் சீட்டில் இரண்டு கோடுகள் போட்டேன். ஒன்று, 'வாங்குபவர் பெயர்'. மற்றது, 'வெட்ட வேண்டிய பெயர்'. இதில் என்ன குழப்பம் வரும் என்று நினைத்தேன். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ராமையா வந்தார். முதல் கோட்டில் அழகாகத் தன் பெயரை எழுதினார். இரண்டாவது கோட்டில், ஆபீஸ் பழக்கத்தில், 'மேற்படி' என்று எழுதினார்.

ஒரு டஜன் டம்ளர். ஒவ்வொன்றிலும் மணி மணியான எழுத்தில் 'மேற்படி'. "எழுதியிருந்துச்சு, வெட்டினேன்" என்றார் மாணிக்கம் அண்ணன். ராமையா ஒரு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே இதுல மோர் குடிச்சாக்கூட மேற்படி குடிச்சதாதானே சொல்வாங்க, தங்கச்சி?"

*கட்டம்*

அடுத்த சீட்டில் கோட்டை எடுத்துவிட்டு, எழுத்துக்கு ஒன்றாக எட்டுக் கட்டம் போட்டேன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடும் ஓர் அக்கா, கணவர் அந்தோணிசாமியின் பிறந்தநாளுக்கு ஒரு கூஜா வாங்கினார். 'தோ'வுக்குக் கொம்புக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம் என்று தாராளமாகக் கொடுத்தார். 'சா'வுக்கும் இரண்டு கட்டம். கடைசியில் 'மி'க்கு இடமில்லை. மறுநாள் கணவரே கூஜாவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"பொறந்தநாளும் அதுவுமா, சாமியை எடுத்துட்டு 'சா'வ மட்டும் வச்சிருக்கியேம்மா."

*பெட்டி*

இனி யாரும் எதையும் எழுதவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெயரை நானே கேட்டு எழுதிக்கொள்வேன். மற்றதற்கெல்லாம் சின்னச் சின்னப் பெட்டி, பேனாவால் ஒரு குறி போட்டால் முடிந்தது. எங்கே வெட்டுவது? மூடியிலா, பக்கத்திலா, அடியிலா? ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர் ஒருவர் டிபன் கேரியர் வாங்கினார். 'பக்கம்' என்ற பெட்டியில் மட்டும் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். பக்கத்தில் வேண்டாம் என்கிறார் என்று புரிந்துகொண்டு, மூடியிலும் அடியிலும் வெட்டிக் கொடுத்தோம்.

"எங்க யார்டுல எக்ஸ் போட்டா வேணாம்னு இல்ல லா, இங்க வெட்டுன்னு அர்த்தம்."

*வாய்*

இதற்குள் முதலாளி, நான், மாணிக்கம் அண்ணன் எல்லாரும் 'மேற்படி' டம்ளரில்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருக்கவில்லை. டிவி கேட்டார், கட்டில் கேட்டார், அதற்குமேல் ஃபிரிட்ஜ் கேட்டார். முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. "சீர்ப் பாத்திரத்துலயாவது ஒரு குத்தம் வரக்கூடாது, வந்துச்சுன்னா நாளைக்கே ஜூரோங்" என்று என்னிடம் சொன்னார்.

நான் சீட்டையே தொடவில்லை. கேட்டு எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன். மகளை அவர் எப்போதும் பாப்பா என்றுதான் சொல்வார், அவள் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து போன் செய்த முதலாளி, என்ன பேர் வெட்டுவது என்று நான் கேட்டதற்கு, "செல்வி போதும்" என்றார். போதும்பொண்ணு என்று எத்தனையோ குடத்தில் வெட்டியிருக்கிறோம், இதுவும் அந்த வகை என்று எழுதிக்கொண்டேன்.

"திருப்பிச் சொல்றேங்க. செல்வி போதும்."

"ஆமா, அதான். இனிஷியல் கினிஷியல் ஒண்ணும் வேணாம்."

மண்டபத்தில் காகிதத்தைப் பிரித்துப் பாத்திரங்களை நானே அடுக்கினேன். குடம், அண்டா, தாம்பாளம், எல்லாவற்றிலும் 'செல்வி போதும்'. முதலாளி படித்தார். முகம் வெளுத்து என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை எடுத்துக் குடத்தை மறுபடி சுற்றப் பார்த்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்று, "என்னங்க இது, ஃபிரிட்ஜ் கேட்டதுக்குப் பதிலா?" என்றார். மாப்பிள்ளை எழுந்து வந்து குடத்தைக் கையில் எடுத்தார், எழுத்துக்கூட்டிப் படித்தார், சிரித்துவிட்டார்.

"நான் சொல்ல நினைச்சதைத்தான் மாமா வெட்டியே வச்சிருக்காரு. எனக்குச் செல்வி போதும்மா."

கோடு, கட்டம், பெட்டி, வாய் என்று அத்தனை வழியிலும் ஆர்டர் எடுத்துப் பார்த்துவிட்டேன். வாடிக்கையாளருக்குச் சரியாக அமைந்தது, நான் தப்பாக எழுதிக்கொண்ட அந்த ஒன்றுதான்.