மழைமானியின் பக்கத்தில் நின்றவர்

ஒரு மனிதரை இகழ்ந்து எழுதினால் ஈஸ்வரன் பொறுப்பாரா என்று பல வருடம் தயங்கினேன். ஈஸ்வரனுக்குத் தெரியாததா என்று இப்போது எழுதுகிறேன்.

பாகூரில் எங்கள் கோயில் நந்தவனத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. தினமும் காலையில் மழை அளவைப் பார்த்து வானிலை ஆபீசுக்கு அனுப்ப ஒருவர் வருவார். மடிப்புக் கலையாத சட்டை, பெரிய தொந்தி. குனியவே மாட்டார். மழைமானியின் பக்கத்தில் நின்று போனைத்தான் பார்ப்பார்.

ஒரு தையில், லேசான தூறல்தான் என்று போனில் வந்ததை நம்பி நெல்லை அறுத்துப் போட்டேன். விடிய விடிய கொட்டியதில் கதிரெல்லாம் மிதந்தது. நெஞ்சு எரிய, சாமிக்குப் பூப்பறிக்கப் போனேன். அவர் குடையோடு நின்றிருந்தார்.

"சார், மழமானி ரொம்பி நிக்குது. இன்னா அனுப்பினீங்க?"

"லேசான தூறல்னு அனுப்பிட்டேன்பா."

"உள்ள பாக்கவே இல்லியே?"

"போன்ல அப்படித்தான் போட்டுக்குது. கம்ப்யூட்டர் கணக்கு, தப்பாவுமா?"

"கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது?"

"நாங்க அனுப்பற அளவ வச்சுதான் அது கணக்கே போடுது," என்றார் பெருமையாக.

"நல்லாக்குது சார்! அது உங்களப் பாத்து எழுதுது, நீங்க அதப் பாத்து எழுதறீங்க. மழைய யாருதான் பாக்கறது?"

"நெல்லு நனைஞ்ச கோவத்துல பேசற," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாமி அனுப்பிய தண்ணீரைக் குனிந்து பார்க்காத ஜென்மம், அந்த மழையிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தவறாமல் வந்து நின்றதே, எதற்கு? வீட்டிலிருந்தே அனுப்பியிருக்கலாமே. இன்றுவரை விளங்கவில்லை.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அளவை மாற்றிச் சொல்ல அவர் ஒருவர் போதும்.