பெர்லின் டவரில் பயவேக்காடு

விமானம் ஏறுவதற்கு முன்பே மேனேஜர் எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார். ஜெர்மனியில் யாராவது ஊர் எது என்று கேட்டால் சென்னை என்று சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி என்று ஆரம்பித்தால் மேப்பை விரித்து ஜியாகரஃபி கிளாஸ் எடுக்க வேண்டியிருக்குமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகையில், கார் கதவுகளுக்கு ரப்பர் சீல் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. பழவேற்காடு ஏரியில் வலை போடுகிற வீட்டில் பிறந்தவள். என்னோடு வேலை செய்யும் அக்காவுக்குத் திருப்பாச்சூர். சொந்த நிலத்தில் நெல் போடுகிற குடும்பம். புது மிஷினைப் பழகிக்கொள்ள எங்களைப் பெர்லினுக்கு அனுப்பினார்கள். மேனேஜரும் கூட வந்தார்.

பயிற்சி முடிந்த அன்று, அங்கே தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்மன்கார அம்மா எங்களை மதியச் சாப்பாட்டுக்கு டிவி டவருக்கு அழைத்துப் போனார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார், சத்தமாகப் பேசுவார். ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிற கோபுரம் அது. உச்சியில் இருக்கும் பெரிய உருண்டைக்குள் ஓட்டல். மேஜை நாற்காலியோடு தரையே மெல்லச் சுற்றுகிறது. கீழே நகரம் நகர நகர, அக்கா மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சர்வர் வந்ததும் மேனேஜர் எங்களைக் கேட்காமலே இருவருக்கும் காய்கறி பாஸ்தா சொன்னார். இந்தியப் பெண்கள், சைவம் என்று விளக்கமும் கொடுத்தார். வந்த நாள் முதல் ரொட்டியும் பாஸ்தாவுமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு மீன் வேணும் சார்," என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, இங்கே மீன் நம் ஊர் மாதிரி இருக்காது, பிடிக்காமல் மிச்சம் வைத்துவிட்டால் அசிங்கம் என்றார். நான் மெனுவைத் திருப்பி, மீன் இருந்த வரியில் விரலை வைத்துச் சர்வரிடம் காட்டினேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, மீன் அவ்வளவு பிடிக்குமா, கடல் பக்கமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் "சென்னை" என்றார்.

இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில், சென்னைக்கு வடக்கே கடலும் ஏரியும் சேருகிற இடம், அப்பா அங்கே மீன் பிடிக்கிறார், ஊர் பழவேற்காடு என்று சொன்னேன்.

"புலிகாட்," என்று மேனேஜர் திருத்தினார். மேப்பில் அப்படித்தான் இருக்கிறதாம்.

எனக்குச் சுர்ரென்றது. அந்த அம்மாவோ நான் சொன்ன பெயரையே சொல்லிப் பார்த்தார். ழகரத்தில் நாக்கு சிக்கியது. எங்கள் குப்பத்தில் எங்களுக்கே அந்த எழுத்து வராது. அதனால் வீட்டில் சொல்வதுபோலவே "பயவேக்காடு" என்றேன்.

"பயவேக்காடு," என்றார் அவர். என் அம்மா சொல்வது போலவே இருந்தது.

அது தப்பான உச்சரிப்பு என்றார் மேனேஜர்.

"எங்க ஊட்ல இப்டித்தான் சார் சொல்லுவோம்."

அக்கா மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தார். "திருப்பாச்சூர்," என்றார். அங்கே பழைய சிவன் கோயில் இருப்பதைச் சொல்லி, அதன் கோபுரத்தைக் கையாலேயே காட்டினார். சாப்பாடு வந்ததும் பாஸ்தாவைத் தள்ளிவைத்துவிட்டு என் மீன் தட்டுக்குக் கையை நீட்டினார்.

மீனில் தலையில்லை, முள்ளில்லை. வெண்ணெயில் மிதந்தது; உப்பும் பத்தவில்லை. நன்றாகவே இல்லை. ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் இருவரும் தின்று தீர்த்தோம்.

லிஃப்டில் இறங்கும்போது மேனேஜரால் பொறுக்க முடியவில்லை. "சென்னைன்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

"உங்களுக்கு சென்னை, நீங்க சொல்லிக்குங்க சார். நான் இன்னாத்துக்கு சொல்லணும்?"

அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். நிறுத்தச் சொன்னாரா, இன்னும் பேசச் சொன்னாரா என்று வெளியே வந்ததும் கேட்டேன். ரெண்டுந்தான் என்றார்.

அடுத்த முறை பெர்லினுக்கு ஆள் அனுப்பியபோது எங்கள் இருவர் பெயரும் இல்லை. மேனேஜரின் அறைக்கே போய்க் காரணம் கேட்டேன். நாலு பேரோடு அனுசரித்துப் போகிறவர்கள் வேண்டும் என்றார். வருத்தமாகத்தான் இருந்தது, அந்த ஊரும் அதன் குளிரும் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் வாயை மூடிக்கொண்டு பாஸ்தாவைத் தின்றிருக்கலாமே என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறேன். அக்காவும் கொடுத்திருக்கிறார்.