ஒடெசாவில் நிற்கும் பம்பு

மகள் வீட்டுக்கு வந்த என்னை மாப்பிள்ளை தன் வேலை இடத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். மேற்கு டெக்சாஸ், ஒடெசா ஊருக்கு வெளியே வெறும் பொட்டல். ஒரு மரம் இல்லை. காற்றில் மண்ணும் கந்தக நாற்றமும் வருகின்றன. கண்ணுக்கு எட்டின வரைக்கும் எண்ணெய்ப் பம்புகள், குதிரை குனிந்து நிமிர்கிற மாதிரி, ஆளே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவன் நான். இத்தனை கிணற்றை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

"எவ்வளவு ஆழமுங்க?"

"ஒரு மைலுக்கு மேலங்க மாமா."

எங்கள் வண்டி ஆயிரம் அடி இறக்கினாலே ஊர் கூடிவிடும். மாப்பிள்ளை ஒரு பம்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்.

"இந்தக் கிணத்த இன்னிக்கு க்ளோஸ் பண்ணச் சொல்லிட்டாங்க."

"வத்திப்போச்சுங்களா?"

"இல்லீங்க, நல்லா ஊறுது. ஆயில் விலை விழுந்துருச்சு. கரண்ட் பில்லுக்கே கட்டுபடியாகல."

"எல்லாத்தையும் நிறுத்திட்டா உங்க வேலைங்க?"

"கடைசியா என்னையும் ஆஃப் பண்ணிருவாங்க மாமா."

சிரிக்கிறார். ஆனால் சுவிட்ச் பெட்டியைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறார்.

வற்றின கிணறுகளை நிறைய மூடியிருக்கிறேன். ஊறுகிற கிணற்றை மூடுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"தள்ளுங்க மாப்பிள்ளை. உங்க கையால வேண்டாம்."

நானே சுவிட்சை அமுத்துகிறேன். அந்தப் பெரிய இரும்புத் தலை ஒருமுறை இறங்கி, பாதி ஏறி, அப்படியே நிற்கிறது.

மாப்பிள்ளை பெட்டியைப் பூட்டுகிறார்.

"அடுத்ததுக்கும் வர்றீங்களா மாமா?"

"வர்றேனுங்க."