காஞ்சிராமுவுக்குப் பசிக்கிறது

இது நடந்தது. நடந்த ஊர் தெரியும், நாள் தெரியும், மணி நிமிஷம்கூடத் தெரியும். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிற ஆசாமிகள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இதில் இருட்டே கிடையாது. எல்லாம் பட்டப்பகல், உச்சி வெயில். ஸிந்துஜா இன்றைக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் தனியாக இருக்க மாட்டாள்.

2001ஆம் வருஷம். சின்ன காஞ்சிபுரம். அவளுக்கு அப்போது வயது பத்தொன்பது. அப்பா ஸௌந்தரராஜன் ஸம்ஸ்கிருத வாத்தியார், கோபம் மூக்கு நுனியில். அம்மா வைதேஹி. அண்ணன் ராமானுஜ் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். கூட வேலை பார்க்கும் தீபிகாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஆகஸ்ட் மாதம் ஒரு கடிதம் எழுதினான், போட்டோவும் வைத்து. தீபிகா தாமல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவ்வளவுதான், வீடு பற்றிக்கொண்டது.

பிள்ளையைத் தலைமுழுகிவிட்டேன் என்று கோபத்தில் எந்த அப்பனும் சொல்வதுதான். வாத்தியார் சொல்லோடு நின்றாரா? நிற்கவில்லை. பழைய கிரந்தப் புத்தகத்தைப் புரட்டி, உயிரோடிருப்பவனைச் செத்தவனாகத் தள்ளி வைக்கிற சடங்கைத் தேடிப் பிடித்தார். எந்தப் புரோகிதரும் வரவில்லை. பாவம் என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். மனிதர் தானே செய்தார். ஆகஸ்ட் 22, பகல் 12.20. கிணற்றடியில் ஒரு பழைய மண்குடத்தில் தண்ணீர் நிரப்பி, தெற்குப் பார்த்து நின்று, மகனின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி, இடது காலால் குடத்தை உதைத்துக் கவிழ்த்தார். பிறகு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

“இன்னியோட அவன் செத்தான். அந்தப் பேர் இந்த ஆத்துல யார் வாயிலேர்ந்தும் வரப்படாது” என்றார்.

போன் மணி அடித்தால் அவர்தான் எடுப்பார். கடிதம் வந்தால் அடுப்புக்குப் போகும். ஸிந்துஜாவுக்கும் அண்ணனுக்கும் மிச்சம் இருந்தது ஒரே வழி, இன்டர்நெட் சாட். ரங்கசாமி குளத்தருகே ஆனந்தராஜின் பிரவுசிங் சென்டர். வெள்ளிக்கிழமை தோறும் பகல் 12.10, அப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம், மூன்றாம் நம்பர் கேபின். அண்ணனின் சாட் பெயர் ‘காஞ்சிராமு’.

பெயரை எப்படிப் பூட்டி வைப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஆனந்தராஜ்தான்.

“ரிஜிஸ்டர் பண்ணி வச்சிக்கணும்மா. இல்லன்னா எவன் வேணா உன் பேர்ல வந்து குந்திக்குவான். நிக்சர்வ்னு உள்ள ஒரு வாட்ச்மேன் இருக்குது. ஆளு மூஞ்சியெல்லாம் அதுக்குத் தெரியாது. பாஸ்வேர்ட் சொன்னா நீ நீதான். சொல்லலன்னு வையி, ஒரு நிமிஷத்துல பேர புடுங்கிக்கினு, கெஸ்ட்டுனு ஒரு நம்பர குடுத்துடும்” என்று சொல்லி, அவளையும் பதிவு செய்ய வைத்தான்.

அண்ணனும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ‘காஞ்சிராமு என்று பூட்டோடு வந்தால் நான். வேறு எந்தப் பேரில் எவன் வந்து உன் அண்ணா என்றாலும் நம்பாதே.’ அப்பா குடம் கவிழ்த்த கதையை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை. எந்தத் தங்கைக்கு அதைச் சொல்ல வாய் வரும்?

செப்டம்பர் 14. முதல் முறையாக ஏதோ உறுத்தியது. காஞ்சிராமு 12.10க்குச் சரியாக வந்தான். இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழைத் தட்டுவார்கள்.

“இன்னிக்கு என்ன தளிகை?”

சாப்பாட்டைப் பற்றி வாழ்நாளில் கேட்டறியாதவன் அவன். தட்டில் என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்க மாட்டான். அவள் சிரித்துக்கொண்டே, நீயே சொல்லேன் என்றாள்.

“புளியோதரை. வாசனை வரதே.”

வீட்டில் அன்றைக்குப் புளியோதரைதான். குருட்டாம்போக்கில் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 28. “பசிக்கறதுடி.” அவ்வளவுதான் தட்டினான். சாப்பிடப் போயேன் என்றாள். “யாரும் போடலையே.” பிறகு அரை மணி நேரம் அதையே தட்டிக்கொண்டிருந்தான். பசிக்கறது... பசிக்கறது...

அக்டோபர் 5. மணி 12.17. காஞ்சிராமு ஏற்கெனவே அறையில் இருந்தான். கீழே புதிதாக ஒரு வரி விழுந்தது. ‘காஞ்சிராமு_’ உள்ளே வந்தார். அதே பெயர், வாலில் ஒரு கோடு மட்டும் கூட.

“சிந்து, என் பேர்ல யாரோ உக்காந்திருக்கான். பாஸ்வேர்ட் போட்டா தப்புங்கறது. மூணு வாரமா உள்ளயே வர முடியலை.”

மூன்று வாரமாக வர முடியவில்லையா? அப்படியானால் மூன்று வாரமாக அவள் பேசிக்கொண்டிருந்தது யாரோடு?

இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி போட்டாள். எனக்கு ஆறு வயசில் நான் எதை உடைத்ததற்கு நீ எனக்காக அடி வாங்கினாய்? இரண்டு பதிலும் ஒரே நொடியில் வந்தன. 12.19.

“அப்பாவோட மூக்குக் கண்ணாடி.”

“அப்பாவோட மூக்குக் கண்ணாடி.”

பிறகு காஞ்சிராமு மட்டும் தொடர்ந்தான். “அடி இடது தோள்ல. வைகாசி மாசம். கருடசேவைக்கு முதல் நாள்.”

கோடு போட்டவனோ, “அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லையே சிந்து” என்றான்.

அவள் ஆனந்தராஜைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து, ஆள் யார் என்று விசாரிக்கும் கட்டளையைத் தட்டிப் பார்த்தான்.

“பூட்டு கரீட்டா இருக்குது. ஆனா எந்த ஊர்லருந்து வந்துக்கினு இருக்குதுன்னே காட்டலம்மா. கடசியா கீபோர்டத் தொட்டு... நாப்பத்துநாலு நாளாம். இப்பதானே பேசிச்சு?”

அவள் விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்து நான்கு நாளைக்கு முன்னால்... ஆகஸ்ட் 22.

அப்போது காஞ்சிராமு தட்டினான். “எண்ணிட்டியா?”

அன்று இரவே அப்பாவிடம் போனாள். “அப்பா, ராமுவுக்கு ஏதோ...” முடிக்க விடவில்லை. “செத்தவன் பேரை எடுக்காதே!” என்று கத்தினார். அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வைதேஹி அழவில்லை. நிதானமாக யோசித்தாள்.

“சாகடிச்சாரே ஒழிய, போறவனுக்கு ஒரு பிடி சாதம் போட்டாரா? காரியத்தைப் பாதியில விட்டா இப்படித்தான். எதையோ உண்டாக்கி விட்டுட்டார். அது பசியோட அலையறது. ஒரு பிடி போட்டா வழியைப் பாத்துண்டு போயிடும். என் பிள்ளையை விட்டுடும்” என்றாள்.

நியாயமாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் தோன்றியிருக்காது?

அக்டோபர் 16. மஹாளய அமாவாசை. ஊருக்கு வர இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அமாவாசையன்று பேசுவோம் என்று ராமானுஜ் சொல்லியிருந்தான். அப்பா கூடத்தில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார். அம்மா கொல்லையில் இலை போடுவதாகத் திட்டம். காக்கைக்குச் சாதம் வைக்கிற நாள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? ஸிந்துஜா சென்டருக்கு ஓடினாள்.

12.11. காஞ்சிராமு இருந்தது.

12.14. அண்ணன் வந்தான். இந்தத் தடவை கோடு போட்ட பெயரைக்கூட வாங்கிக்கொள்ள முடியவில்லை அவனால். கெஸ்ட்4471.

“சிந்து, எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கலை. ஆபீஸ்ல பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்குத் திரும்பத் தோணலை.”

“இன்னும் நாலே நாள்ணா. வந்துடு.”

12.18. “தெரு பேர் மறந்துபோச்சு. நம்மாத்துக்கு எப்படி வரணும்?”

அவள் வேக வேகமாகத் தட்டினாள். சன்னிதித் தெரு, இடது பக்கம், நீல கேட்டு...

12.20.

“சிந்து, என் பேர் என்”

அதோடு நின்றுவிட்டது.

கெஸ்ட்4471 வெளியேறினார்.

பின்னால் யுபிஎஸ் ஒரு முறை ‘கீக்’ என்றது. திரையில் ஒரு வரி மெதுவாக வந்தது, ஒவ்வொரு எழுத்தாக.

“வயிறு... ரொம்பிடுத்து.”

வீட்டுக்கு ஓடினாள். அம்மா கிணற்றடியில் நிம்மதியாக நின்றிருந்தாள். ஒரே காக்கை வந்து இலையைக் காலி செய்துவிட்டதாம். சரியாக 12.20க்கு.

“என்ன சொல்லிப் போட்டேம்மா?”

“யாருக்குன்னு சொல்லாம எப்படிடி போடறது? ராமானுஜா, வாடா கண்ணா, வந்து சாப்பிடுன்னேன்.”

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே உறைத்தது. பெயரைத் தூக்கி அதன் கையிலேயே கொடுத்துவிட்டாள் பெற்றவள்.

அன்று சாயங்காலம் தீபிகா போன் செய்தாள். நல்ல காலம், ஸிந்துஜா எடுத்தாள். ராமானுஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி இருக்கிறானாம். கண் திறந்திருக்கிறது. மூச்சு இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. சிங்கப்பூர் நேரம் மத்தியானம் 2.50லிருந்து. நம் கணக்கில் 12.20.

இருபதாம் தேதி அதே டிக்கெட்டில் தீபிகா அவனைக் கூட்டி வந்தாள். நடந்தான், கொடுத்ததைச் சாப்பிட்டான், கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னான். ராமானுஜா என்று கூப்பிட்டால் மட்டும், “அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாதுங்க” என்றான். அம்மாவைப் பார்த்து, நீங்க யாரு என்றான்.

அப்பா உடைந்துபோனார். எந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றாரோ, அதையே இரவு பகலாகக் கூப்பிட ஆரம்பித்தார். “ராமானுஜா... என்னைப் பாருடா... அப்பாடா...” பதின்மூன்று நாள். தொண்டை கட்டிப்போயிற்று. எதிரில் உட்கார்ந்திருந்தவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஸிந்துஜாவால் என்ன செய்ய முடியும்?

நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி பஸ்ஸில் அம்மாவும் தீபிகாவும் அவனைச் சென்னைக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். வீட்டில் அப்பா மட்டும். ஸிந்துஜா கடைசியாக ஒரு தடவை சென்டருக்குப் போனாள். கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான். வேறு யாரிடம் கெஞ்சுவது?

12.10. காஞ்சிராமு இருந்தது.

“எங்கண்ணாவைக் குடுத்துடு” என்று தட்டினாள்.

“நான்தானேடி.”

அவள் மறுபடி அதையே தட்டினாள்.

12.13. “அப்பா என்னைக் கூப்பிட்டுண்டே இருக்காரே. பாவம், தொண்டை கட்டிடுத்து.”

12.14. “இனிமே இந்தப் பேரை இங்க வச்சுண்டு என்ன பண்றது? ஆத்துக்குக் கிளம்பிட்டேன்னு சொல்லு.”

காஞ்சிராமு வெளியேறினார்.

ஆனந்தராஜ் தட்டிப் பார்த்தான். அந்தப் பெயரை யாரும் பதிவு செய்யவில்லை என்றது நிக்சர்வ். “பூட்ட அவுத்துட்டுப் போயிருக்குதும்மா” என்றான்.

ஓடினாள். செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். 12.31க்கு வீட்டு வாசல். உள்ளே அப்பாவின் குரல். இரண்டு வாரத்தில் முதல் முறையாகச் சிரிப்போடு.

கூடத்தில் இரண்டு இலை போட்டிருந்தது. ஒன்றின் முன்னால் அப்பா. இன்னொன்றின் முன்னால்...

யாரும் இல்லை.

“வாடி வா! ராமு வந்துட்டான். கூப்பிட்ட உடனே ஏம்ப்பான்னு கேட்டாண்டி! பசியா இருக்கானாம். உள்ளேர்ந்து சாதம் கொண்டா.”

ஆளில்லாத இலையில் சாதம் பாதி குறைந்திருந்தது. மீதியில் யாரோ சாத்தமுது ஊற்றிக்கொள்ளக் குழி பண்ணியிருந்தார்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி கொஞ்சம் ஆழமானது...

மாலை 5.10. சென்னையிலிருந்து மூன்று பேரும் திரும்பினார்கள். அம்மா கதவைத் தட்டினாள். பக்கத்தில் தீபிகா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஸிந்துஜா கதவைத் திறக்க எழுந்தாள். அதற்குள் அவள் முதுகுக்குப் பின்னால், காலியாக இருந்த கூடத்திலிருந்து, அண்ணனின் குரல் கேட்டது. வெளியே நின்ற மூன்று பேருக்கும் கேட்டது.

“வாசல்ல யாரு? பேரைச் சொல்லுங்கோ.”

வாசலில் நின்றவன் வாயைத் திறந்தான். சொல்ல அவனிடம் ஒரு பெயர் இல்லை.