பட்டாபிராமில் இருந்துகொண்டு காசநோய் மாத்திரைக்குப் பூந்தமல்லி போன கதை

பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிக்குக் காசநோய் மாத்திரை வாங்கப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகாதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் என் வீட்டுக்காரரின் சளியில் மைக்கோபாக்டீரியம் என்ற காசநோய்க் கிருமி இருப்பதாக வந்தது. ஆறு மாதம் தினமும் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். மனிதருக்குக் கிருமியை விடத் தெருக்காரர்கள் மேல்தான் பயம். பூந்தமல்லி அரசு மருத்துவமனைக்குப் போய், காட்டுப்பாக்கத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். மாத்திரை அங்கேதான் கிடைக்கும் என்றாகிவிட்டது. அலைச்சல் என் தலையில்.

செவ்வாய்க்கிழமை காலை 8.20க்கு மின்சார ரயில். ஆவடிக்குப் பத்து நிமிடம், ஐந்து ரூபாய். ஆவடியில் பேருந்துக்கு 35 நிமிடம் நின்றேன். பெண்களுக்கு இலவசமாம், வந்தால்தானே! கடைசியில் ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய்.

“எங்கக்கா போறே?” என்றார் டிரைவர். எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“இன்னாக்கா நீ! என் மச்சானுக்குப் பட்டாபிராம்லயே குடுத்தாங்களே. இதுக்குப் போயி இம்மாந்தூரம் வந்துகினு கீறே?”

சுமார் பதினொரு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், வழியெல்லாம் பள்ளம். மனதுக்குள் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே போனேன்.

மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் அம்மா சிகிச்சை அட்டையைப் புரட்டிப் பார்த்தார். “உங்க ஊட்டுக்கு வந்து பாத்துட்டோம்மா. பெரியவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. கொயந்தைங்க யாரும் இல்லைன்னு எழுதிக்கினோம்.”

அவர்கள் போய்ப் பார்த்தது நாத்தனார் வீட்டை. எங்கள் வீட்டில் நான்கு வயதுப் பெண் இருக்கிறாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“இன்னாம்மா இப்டி பண்ணிட்டீங்க! சின்னப் புள்ளைக்குத்தான் மொதல்ல பாக்கணும். கிருமி ஒட்டலைன்னாலும் தடுப்பு மாத்திரை குடுக்கணும். நாளைக்கே உங்க ஊர்ல காட்டுங்க” என்று அவரே விலாசத்தை மாற்ற எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். “தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு பெத்த பொண்ணையே மறைச்சிட்டியேய்யா!” மறுநாள் காலை முகக்கவசம் போட்டுக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, அவரே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரிக்கு எட்டே நிமிடம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தடுப்பு மாத்திரை அன்றே தொடங்கினோம், இரண்டு மாதம் தாமதமாக.

தங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு: அட்டை, ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்குள் போய்விடுங்கள். விலாசம் கேட்டால் உங்கள் பிள்ளை தூங்குகிற வீட்டைச் சொல்லுங்கள். எங்கள் பாப்பா, அவருக்கு இருமல் ஆரம்பித்த பிறகும், தினமும் அவர் மார்பில்தான் தூங்கினாள்.